மயிலைக்கு ஒரு விஞ்ச்

— டிரெய்லர் தகரத்து மேல இந்தக் கயறு இழுக்கற விஞ்ச்ச உக்கார வெச்சு வெல்டிங் அடிச்சது யாருங்க டாக்டரே?

— எங்கூர்லதாங்க பாய், வெள்ளகோவில்ல. கேட்டு, கிரில்லு பண்றவரு. ஏன், வெல்டிங் நல்லாத்தான இருக்குது?

— வெல்டிங் நல்லாத்தான் இருக்குது. தகரந்தான் அதோட சேந்து பிஞ்சு வந்திருச்சு. டப்பா மூடியத் தொறந்து வெச்ச மாதிரி நிக்குது பாருங்க. எதை இழுத்தீங்க?

— தண்ணி ரொப்புன பேரலு. பாதி தூரம் வந்துச்சு. அப்பறம் பேரல் அங்கயே நின்னுக்கிச்சு, விஞ்ச்சுதான் பேரலப் பாத்துப் போச்சு.

— ரெண்டு டன்னு இழுக்கும்னு பொட்டியில எழுதியிருக்குது. நெசந்தான். ஆனா அதுவும் எதையாச்சும் புடிச்சுட்டு நின்னுதான இழுக்கோணும். நீங்க வழுக்குப் பாறையில நின்னு ஒரு மாட்டப் புடிச்சு இழுத்தா, மாடு வருமா, நீங்க போவீங்களா?

— நாந்தான் போவேன்.

— அத்தோட விசயம் முடிஞ்சுது. தகரம் மேல சாமான் வெக்கலாம், அவ்வளவுதான். பாரம் தாங்கறது அடியில ஓடுற இந்த ரெண்டு சட்டம். ரெண்டுக்கும் குறுக்க ஒரு இரும்புச் சேனல், அது மேல எட்டு எம்எம் பிளேட்டு, நாலு போல்ட்டு. இப்ப விஞ்ச் இழுத்தா டிரெய்லரே மொத்தமா சேந்து இழுக்கும். ஆமா, இது என்ன ஒயருங்க?

— பிக்கப் பேட்டரியில இருந்து பின்னாடி வரைக்கும் இழுத்துட்டு வந்தோம். ஊட்டுக்கு மோட்டார் லைன் போடற ஒயருன்னாரு.

— இழுக்கறப்ப தொட்டுப் பாத்தீங்களா?

— தொட்டேன். வெரல எடுத்துக்கிட்டேன்.

— எடுத்துக்காம என்ன பண்ணுவீங்க. முழுப் பாரம் ஏறுனா இந்த விஞ்ச் எரநூறு ஆம்பியர் கேக்கும். நீங்க இளநி குடிக்கற ஸ்டிராவுல தென்னந்தோப்புக்கே தண்ணி பாய்ச்சறீங்க. கேட்டுக்கங்க டாக்டரே. பேட்டரி டிரெய்லர்லயே இருக்கோணும், விஞ்ச்சுக்குப் பக்கத்துல. பேட்டரிக்கும் விஞ்ச்சுக்கும் நடுவுல வெல்டிங் கேபிள், வெரல் தண்டிக்கு, ரெண்டே அடி. பிளஸ்ஸும் நேரா, மைனஸும் நேரா. பாடியில எர்த் புடிக்கற சோலியே வேண்டாம். நடுவுல ஒரு கட் ஆஃப் சுவிட்ச். பிக்கப்ல இருந்து ஒரு சின்ன ஒயர் மட்டும் வரும், ஃபியூஸோட. நீங்க ஓட்ட ஓட்ட அந்த பேட்டரி சார்ஜ் ஆகிக்கும்.

— ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுப்பீங்களா?

— முடிக்கலாம். நா இந்த சூலூர்ல உக்காந்துட்டு இதுவரைக்கும் அறுபது எழுபது ஜீப்புக்கு விஞ்ச் போட்டிருப்பேன். எல்லாரும் வேணும்னே சேத்துல போயி உழுகறது, விஞ்ச் போட்டு எந்திரிக்கறது, கை தட்டறது. ஞாயித்துக்கெழம வெளையாட்டு. நீங்க எதை இழுக்கப் போறீங்க?

— மாட்ட.

— உசுரோடயா?

— உசுரோடதாங்க பாய். நா மாட்டு டாக்டர். செத்த மாட்டுக்கு என்னைய யாரு கூப்பிடறாங்க?

— அப்ப நா பண்ணலீங்க.

— ஏனுங்க?

— ஜீப்புக்கு ஒண்ணு ஆச்சுன்னா பம்பர் போகும், கண்ணாடி போகும். உசுரக் கயத்துல கட்டி இழுக்கறதுக்கு இந்த நசுருதீன் கை வெக்க மாட்டான். வேற எடம் பாருங்க.

— பாய், ரெண்டு நிமிசம் கேளுங்க. போன ஐப்பசியில ஓலப்பாளையத்துப் பக்கம் ஒரு மாடு. பைப்புக்குத் தோண்டுன பள்ளத்துல கால் வழுக்கி உழுந்திருச்சு. அதுக்கு ஒரு நோவும் இல்ல. எட்டு ஆளு சேந்து தூக்கி வெச்சிருந்தா எந்திரிச்சு நடந்திருக்கும். காலைல பத்து மணி. ஊருல எட்டு ஆளு எங்க இருக்கு? எல்லாரும் பனியன் கம்பெனி வேன்ல ஏறிப் போயாச்சு. நானு, அந்த ஊட்டு அம்மா, கட்டல்ல கெடக்கற ஒரு பெரியவரு. சாயங்காலம் வேன் திரும்பி வர்ற வரைக்கும் நா அது தலைய மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஆளுக வந்தாங்க. பன்னெண்டு பேரு. அப்ப மாடு இல்ல.

— கயத்த எங்க கட்டுவீங்க?

— கழுத்துல கட்டி இழுக்கப் போறதில்லீங்க. காலுல கட்டியும் இல்ல. அங்க சுருட்டி வெச்சிருக்கேன் பாருங்க, கல் கிரஷர்ல கழிச்சுப் போட்ட கன்வேயர் பெல்ட்டு. மாட்ட அது மேல படுக்க வெச்சு, பெல்ட்டத்தான் இழுக்கறது. மாடு பாட்டுக்குப் படுத்துட்டு வரும்.

— பெல்ட்டு மேலயா?

— ஆமாங்க.

— இரும்புக் கயத்தக் கழட்டிப் போடறேன். அது அறுந்தா சாட்டையாட்டம் திரும்பி வரும், எதுத்தாப்புல நிக்கறவங்களுக்கு ஆகாது. நைலான் மாதிரி ஒரு கயறு இருக்குது, அறுந்தாலும் அங்கயே செத்த பாம்பு மாதிரி உழுந்துக்கும். அதப் போடறேன்.

— அப்ப பண்றீங்க?

— கப்பி ஒண்ணும் தாரேன். கயத்தப் பெல்ட்டுல இருக்கற கப்பியில வளைச்சுக் கொண்டாந்து மறுபடி டிரெய்லர்லயே மாட்டிட்டீங்கன்னா, வேகம் பாதியாகும், பலம் ரெட்டிப்பாகும். மாட்டுக்கு மெதுவாப் போறதுதான நல்லது?

— ரொம்ப நல்லதுங்க பாய்.

— ஆனா ஒண்ணு. புதங்கெழம நீங்க வண்டி எடுக்க வாரப்ப, மொதல்ல நா அந்தப் பெல்ட்டு மேல படுப்பேன். பக்கத்துல, மாட்டு எடைக்கு ஈடா, ஒரு லாரி இஞ்சின் பிளாக்கு. நீங்க ரிமோட்டு புடிச்சு என்னைய மேல ஏத்தோணும். எனக்கு எலும்பு நோகாம ஏறுனாத்தான் வண்டி இந்த ஷெட்டுல இருந்து வெளிய போகும். அத்தோட விசயம் முடிஞ்சுது.

*

— பூவாத்தாக்கா, எப்ப உழுந்துச்சு?

— வெடியால அஞ்சு மணிக்குக் கட்டுத்தறிக்கு வந்தனுங்க, மயிலையக் காணமுங்க. கன்னு மட்டும் கத்திட்டு நிக்குது. தேடிட்டு வந்தா இட்டேரித் தடத்து ஓரத்துப் பள்ளத்துல இப்படிக் கெடக்குதுங். அது படற பாட்டப் பாக்க முடியலீங் அம்மணி.

— கன்னு போட்டு எத்தன நாளு?

— நேத்தோட மூணு நாளுங்க.

— நெனச்சேன். காதத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்குது. கன்னு போட்ட ஒடனே பால் எறங்கறப்ப ஒடம்புல இருக்கற சுண்ணாம்புச்சத்து மொத்தமும் பாலோட போயிருது. அதான் காலு நிக்காமத் தள்ளாடி உழுந்திருக்குது. வேற ஒண்ணுமில்ல.

— நா வேணா அக்கட்டால போயி நிக்கட்டுங்களா? எனக்குப் பக்கத்துல நின்னு பாக்கற தெகிரியம் இல்லீங்.

— எங்க போறீங்க? தலையப் புடிங்க. கழுத்து நரம்புல மருந்து ஏத்தறேன், ஆட்டுச்சுன்னா ஊசி வெளிய வந்திரும். அப்படித்தான். இந்த பாட்டல ஒசரமாப் புடிச்சுக்கங்க.

— சீக்கிரம் எறங்குமுங்களா?

— வேகமா வுட்டா நெஞ்சு நின்னுரும். மெதுவாத்தான் வுடோணும். இது உள்ள போனா ஒரு மணி நேரத்துல அதுக்குக் காலுல தெம்பு வந்திரும்.

— தெம்பு வருமுங்களா?

— வராம? ஆனா இங்க கெடந்தா அந்தத் தெம்பு ஒண்ணுக்கும் ஆகாது. காலு மேட்டப் பாத்து இருக்குது, முதுகு பள்ளத்துல. எந்த மாட்டாலயும் இப்படிக் கெடந்து எந்திரிக்க முடியாது. இப்பவே அஞ்சு மணி நேரம் ஆச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் போச்சுன்னா அடியில நசுங்கிக் கெடக்கற காலு மரத்தே போயிரும். அதுக்குள்ள மேல ஏத்தோணும்.

— ஆரு ஏத்தறதுங்? என்ர மவன் ராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனிக்குப் போனவன் இன்னும் வரல. பக்கத்துக் காட்டுல ஆரும் இல்ல. நீங்க எலும்பும் தோலுமா இருக்கறீங்க, நா இப்படி.

— டிரெய்லரப் பின்னால எடுத்துட்டு வாரேன். நீங்க பாட்டலப் புடிச்சுட்டே நில்லுங்க.

— ஏனுங் அம்மணி, மாவாட்டற கிரைண்டர் மோட்டாராட்டம் இத்துனூண்டு இருக்குது, இதா என்ர மாட்ட இழுக்கும்?

— இழுக்கும்.

— நா டிராக்டர்ல கட்டி இழுக்கலாமான்னு ரோசன பண்ணுனனுங்க. நானே ஓட்டுவேன்.

— நல்ல வேளை பண்ணல. டிராக்டர் வெடுக்குன்னு இழுக்கும். இடுப்பு கழண்டு போயிருக்கும். சரி, மருந்து முடிஞ்சுது. இப்ப முதுகுப் பக்கமா இந்த ரப்பர் பெல்ட்டச் சொருகறேன், தோளுக்கடியில ஒண்ணு, தொடைக்கடியில ஒண்ணுன்னு ரெண்டு பட்டையும் வுடறேன். நீங்க தோளுக்கடியில போட்டிருக்கற பட்டையப் புடிங்க, நா தொடைக்கடியில புடிச்சுக்கறேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னதும் ஒட்டுக்கா இழுக்கறோம்.

— செரீங்.

— ஒண்ணு, ரெண்டு, மூணு. இன்னொருக்கா. இன்னொருக்கா. அவ்வளவுதான், முழுசா பெல்ட்டு மேல வந்திருச்சு. கண்ணு மேல ஈரத்துண்டப் போடுங்க, வெரண்டுக்காது. நா பெல்ட்டோட சேத்துப் பட்டையக் கட்டறேன். கயத்துக்கு நேரா மட்டும் நிக்காதீங்கக்கா, இந்தப் பக்கம் வந்திருங்க. இப்ப பாருங்க.

— அட, நகருதுங்.

— மெதுவாத்தான் நகரும்.

— சாமி, நகருதுங். என்ர மாடு எறும்பாட்டம் ஊந்து வருது. ஏனுங், என்ன சத்தம் அது? ஏன் நின்னு போச்சு?

— தெரியலீங்க்கா. பட்டன அமுக்குனா டக்கு டக்குன்னுது, சுத்த மாட்டேங்குது. ஒரு நிமிசம் இருங்க, போன் போட்டு ஸ்பீக்கர்ல வெக்கறேன். ஹலோ, நசுருதீன் பாய், ஜோவிதா பேசறேன். மேட்டுல பாதி ஏறி நின்னுருச்சு. டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் வருது.

— மாடு எங்க டாக்டரே?

— சரிவுல, பெல்ட்டு மேல.

— பின்னால சறுக்குதா?

— இல்ல. நின்ன எடத்துல அப்படியே நிக்குது.

— அப்ப பிரேக்கு புடிச்சிருக்குது. பயப்படாதீங்க. அந்த கிளட்ச் லீவரை மட்டும் தொட்டுராதீங்க, தொட்டா மாடு பள்ளத்துக்கே போயிரும். கப்பி போட்டிருக்கீங்களா?

— போட்டிருக்கேன்.

— பேட்டரி மீட்டர் என்ன காட்டுது?

— பதினொண்ணு. அமுக்குனா எட்டுக்கு எறங்குது.

— பேட்டரி பட்டினி கெடக்குது. வண்டி ஓடறப்ப சார்ஜ் ஏறவே இல்ல. சின்ன ஒயர்ல ஃபியூஸ் இருக்குமுங்க, கருப்பு மூடி. தொறந்து பாருங்க.

— உள்ள கம்பி அறுந்து கெடக்குது.

— என்ர தப்புதான் டாக்டரே. புதங்கெழம இஞ்சின் பிளாக்கு, நானு, எங்கூட்டு ஆளுக நாலு பேருன்னு அஞ்சு வாட்டி ஏத்தி எறக்கி பேட்டரிய உறிஞ்சிட்டோம். அப்பறம் ஒரே மூச்சா சார்ஜ் ஏறறப்ப ஃபியூஸ் தாங்கல. பெரிய ஃபியூஸ் போட்டிருக்கோணும். தப்பு என்ரது.

— அத அப்பறம் பேசிக்கலாம் பாய். இப்ப என்ன பண்றது?

— பக்கத்துல வேற ஏதாச்சும் பன்னெண்டு வோல்ட்டு பேட்டரி இருக்குதா? பிக்கப்போட பேட்டரி முன்னாடி இருக்குது, நா குடுத்த ஜம்பர் கேபிள் அவ்ளோ தூரம் எட்டாது.

— ஏனுங், டிராக்டர் பேட்டரி ஆவுங்களா?

— யாருங்க பேசறது?

— நா மாட்டுக்காரிங்க, பூவாத்தா. என்ர டிராக்டரு ஷெட்டுல நிக்குது. இந்தா, எட்டு எட்டு வெச்சா கொண்டாந்திருவேன்.

— தாராளமா ஆவுங்கம்மா. கொண்டாந்து டிரெய்லர் மூக்குக்குப் பக்கத்துல நிறுத்துங்க. இஞ்சின ஆப் பண்ணிராதீங்க. டாக்டரே, நீங்க மாடு பக்கத்துலயே இருங்க.

— இருக்கேன் பாய். மயிலைக்கு மூச்சு நல்லா இருக்குது. காதத் தொட்டுப் பாத்தேன், மொதல்ல இருந்த சில்லு கொஞ்சம் கொறஞ்சிருக்குது.

— நா வேணா கெளம்பி வந்திரட்டுமா?

— சூலூர்ல இருந்து நீங்க வர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓடிரும். போன வெக்காதீங்க, அது போதும். டிராக்டர் சத்தம் கேக்குதா?

— கேக்குது. ஓட்டறவங்க கை தேறுன கை மாதிரி இருக்குதே.

— பின்னால எடுத்து ஒரே வளைப்புல நிறுத்திட்டாங்க. நானா இருந்தா மூணு வாட்டி முன்ன பின்ன போயிருப்பேன். அக்கா, அந்த பேட்டரி மூடியத் தொறங்க. பாய், சொல்லுங்க.

— மொதல்ல செவப்புக் கிளிப்பு. டிரெய்லர் பேட்டரி பிளஸ்ல ஒண்ணு, டிராக்டர் பிளஸ்ல ஒண்ணு. கருப்ப டிராக்டர் மைனஸ்ல மாட்டுங்க. மிச்சமிருக்கற கருப்ப டிரெய்லர் சட்டத்துல மாட்டக் கூடாது, நா பாடியில எர்த்தே குடுக்கல. நேரா பேட்டரி மைனஸ்லதான்.

— மாட்டியாச்சு.

— அம்மா, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏத்திப் புடிங்க. பத்து நிமிசம் அப்படியே வுடுங்க. யாரும் எதையும் தொடாதீங்க.

— பத்து நிமிசமுங்களா?

— பத்தே நிமிசம்மா. வயித்துக்கு ஏதாச்சும் போட்டாத்தான அது வேல செய்யும்.

— ஏனுங்க பாய், நீங்க மாட்டப் பாத்தது கூட இல்ல. இத்தன தூரத்துல இருந்து இந்தப் பாடு படறீங்களே.

— அந்தப் பெல்ட்டு மேல நா படுத்துப் பாத்தவனுங்கம்மா. மல்லாந்து படுத்துட்டு வானத்தப் பாத்துட்டே மேல ஏறுனேன். கீழ இருந்து பாத்தா ரிமோட்டு புடிச்சிருக்கறவங்க எவ்ளோ பெரிய ஆளாத் தெரியறாங்கன்னு எனக்குத் தெரியும். டாக்டரே, மீட்டரு?

— பன்னெண்டு புள்ளி எட்டு.

— இப்ப அமுக்குங்க. அரை நிமிசம் இழுங்க, நிறுத்துங்க, ஒரு நிமிசம் ஆற வுடுங்க. மறுபடி அரை நிமிசம்.

— சுத்துது.

— சத்தத்தக் கேட்டாலே தெரியுது. நல்ல சத்தம். நிறுத்துங்க. ஆறட்டும். இழுங்க.

— மேட்டு மேல வந்திருச்சு பாய். இப்ப பெல்ட்டு டிரெய்லர் சாய்ப்பலகைக்கு முன்னாடி நிக்குது.

— பெல்ட்டு நுனி பலகையில மாட்டாமப் பாத்துக்கங்க. யாராச்சும் நுனியத் தூக்கிக் குடுங்க.

— நா தூக்கறனுங்க. ம், ஏத்துங்க. ஏத்துங்க அம்மணி. இன்னொரு மொழம். அரை மொழம். வந்திருச்சுங். முழு மாடும் வண்டியில ஏறிப்போச்சுங்.

— போதும், கை எடுத்துட்டேன். பாய், ஏறியாச்சு. நாங்க ரெண்டே பேரு. ரெண்டு பொம்பளைங்க.

— ஆளையெல்லாம் எண்ணாதீங்க டாக்டரே. கட் ஆஃப் சுவிட்ச்ச அமுக்குங்க, ஜம்பரக் கழட்டுங்க. மாடு எப்படி இருக்குது?

— மட்டமான எடத்துல இப்பத்தான் ஒழுங்காப் படுத்திருக்குது. கட்டுன பட்டைய அவுக்கறேன். அக்கா, கன்ன அவுத்துட்டு வாங்க. கன்னு வாசம் தெரிஞ்சா இதுக்கு ஒரு வேகம் வரும்.

— இந்தா கூட்டிட்டு வந்துட்டனுங்க. போ கண்ணு, உங்கம்மா அங்க இருக்குது, போ.

— கன்னு கத்துன சத்தத்துக்குக் காது ரெண்டையும் தூக்குது பாருங்க. இருங்க, வாலத் தொடாதீங்க, அதுவாப் பண்ணட்டும். முட்டி போட்டிருச்சு. பின்னங்காலு. அவசரமில்ல சாமி. மெதுவா. மெதுவா.

— டாக்டரே, என்னங்க ஆச்சு? ஹலோ.

— நின்னுருச்சுங்க பாய். நாலு காலும் ஊணி நிக்குது. கொஞ்சம் ஆடுது, ஆனா நிக்குது. கன்ன நக்கிட்டு இருக்குது.

— நெசமாவா?

— கேளுங்க, கன்னு பால் குடிக்கற சத்தம் கேக்குதா?

— கேக்குது. ஒரு நிமிசம் இருங்க டாக்டரே, கண்ணுல என்னமோ கிரீஸ் பட்டிருச்சு.

— பாய்?

— இத்தன வருசமா எத்தன ஜீப்ப இழுத்து மேட்டுல வுட்டிருக்கேன். ஒண்ணு கூட தானா எந்திரிச்சு நின்னு, கன்னுக்குப் பால் குடுத்ததில்லீங்க. நாளைக்கே வெள்ளகோவில் வாரேன். பெரிய ஃபியூஸ் போட்டுக் குடுத்துட்டு, அந்த மயிலைய நேர்ல பாத்துட்டுத்தான் திரும்புவேன்.

— அவசியம் வாங்க பாய். பூவாத்தாக்கா ஊட்டுலதான் சாப்பாடு.

— நா ஆக்கி வெக்கறனுங்க பாய். ஊட்டுல எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க.

— வாரோமுங்கம்மா. வெக்கறேன்.

— அக்கா, இங்கயே ஒரு மணி நேரம் நிக்கட்டும். அப்பறம் நானே மெதுவா ஓட்டிட்டு வந்து கட்டுத்தறியில எறக்கி வுடறேன். ரெண்டு நாளைக்குப் பாலை முழுசாக் கறக்காதீங்க, மடியில பாதிய வுட்டுருங்க. பொழுதோட வந்து இன்னொரு பாட்டல் ஏத்தறேன்.

— செரீங்.

— ஏன் அழுகறீங்க? அதான் எந்திரிச்சிருச்சே.

— ஒண்ணுமில்லீங்.

— ஆமா, அப்பவே கேக்கோணும்னு நெனச்சேன். கொம்புல பூ சுத்தியிருக்கீங்க. நெத்தியில மஞ்சளும் குங்குமமும். நா வர்றப்பவே இருந்துச்சு. இன்னிக்கு ஏதாச்சும் நோம்பியா?

— நோம்பியெல்லாம் இல்லீங்.

— அப்பறம்?

— இதுக்கு மேல அது பாடு பட வேண்டாம்னு வெடியால போன் பண்ணி, வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போங்கன்னு சொன்னனுங்களே.

— ஆமா. கால்சியம் ஊசின்னு நெனச்சு அதோடதான வந்தேன்.

— நா கேட்டது அந்த ஊசி இல்லீங் அம்மணி.